ஸ்ட்ரீக் ஏறிக்கொண்டே போகிறது, பேச்சு மட்டும் வரவில்லை

வாசகி ஒருவரின் நீண்ட கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன். 41 வயதான இவர் மென்பொருள் துறையில் பணிபுரிகிறார். ஜெர்மன் பேசும் குழு ஒன்றுடன் வாரம் இருமுறை இணையவழிக் கூட்டத்தில் உட்கார வேண்டியிருப்பதால், கைப்பேசிச் செயலி ஒன்றில் நாள்தோறும் பத்து நிமிடம் ஜெர்மன் படிக்கிறார். ஒரு நாளும் விடாமல் 400 நாள்களைக் கடந்துவிட்டார்; இந்தத் தொடர் நாள் கணக்கைத்தான் செயலி ‘ஸ்ட்ரீக்’ என்கிறது. இரவில் ஆங்கில சப்டைட்டிலுடன் ஜெர்மன் தொடர்கள் பார்க்கிறார். இத்தனைக்கும் பிறகு, சென்ற மாதக் கூட்டத்தில் ஒருவர், “உங்கள் பகுதி வேலை எந்த நிலையில் இருக்கிறது?” என்று ஜெர்மனில் கேட்டபோது, கேள்வி புரிந்தும் பதில் எழவில்லை; ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார். “எனக்கு இனி மொழி ஏறாது போலிருக்கிறது. செயலியின் ஆண்டுச் சந்தா அடுத்த மாதம் முடிகிறது. அதையே புதுப்பிப்பதா, செயற்கை நுண்ணறிவோடு உரையாடும் வசதியுள்ள உயர் சந்தாவுக்கு மாறுவதா, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆசிரியர் ஒருவரிடம் சேர்வதா?” என்று கேட்கிறார்.

கடைசிப் பத்தியில் இரண்டரை வயது மகளைப் பற்றியும் எழுதியிருக்கிறார். தம்மைப் போல் அவள் திண்டாடக் கூடாது என்று தினமும் இரண்டு மணி நேரம் ஆங்கில, ஜெர்மன் குழந்தைப் பாடல் காணொளிகளைப் போட்டுவிடுகிறார்களாம். நிறங்களின் பெயர்களை ஆங்கிலத்தில் ஒப்பிக்கும் குழந்தை, எந்த மொழியிலும் இன்னும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை. மூன்று மொழி சேர்ந்து குழப்புகிறது என்று மாமியாரும், பொறுத்திருந்தால் தானாகச் சரியாகும் என்று கணவரும் சொல்கிறார்களாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசிப் பத்திக்கே முதலில் பதில் சொல்கிறேன். உங்கள் ஜெர்மன் சில மாதம் காத்திருக்கலாம். இது காத்திருக்கக் கூடாது.

மகளின் பேச்சு

இரண்டு வயது நிறையும் காலத்தில் பெரும்பாலான குழந்தைகள் “பந்து தா”, “அம்மா வா” என்று இரண்டு சொற்களைச் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். இரண்டரை வயதிலும் அது தொடங்கவில்லை என்றால் ஒரு மதிப்பீடு தேவை என்பதுதான் பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் நடைமுறை. நான் மொழிக்கல்வி ஆலோசகர், மருத்துவர் அல்லர். என்ன காரணம் என்று கடிதத்தை வைத்துச் சொல்ல என்னால் இயலாது, யாராலும் இயலாது. குழந்தைநல மருத்துவரைப் பாருங்கள், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாளே என்று விட்டுவிடாமல் செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், பிறகு பேச்சு-மொழி சிகிச்சையாளரிடம் போங்கள். போகும்போது அவள் தானாகச் சொல்லும் சொற்களையும், அவற்றை எப்போது சொல்கிறாள் என்பதையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பாட்டு ஓடும்போது மட்டும் “ரெட்” என்று சொல்வதற்கும், சிவப்புப் பந்து வேண்டும் என்பதற்காக “ரெட்” என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டைத்தான் சிகிச்சையாளர் முதலில் கேட்பார். எல்லாம் சரியாகவே இருந்தால் உங்களுக்கு ஒரு நிம்மதி. சரியில்லை என்றால், இந்த வயதில் தெரிந்துகொண்டதன் பயன் மிகப் பெரியது.

மாமியாரின் கருத்து அவருடையது மட்டுமன்று, பலரும் நம்புவது. ஆனால் பல மொழிகளைக் கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாகும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. ஆகவே வீட்டு மொழியைக் குறைத்துவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசத் தொடங்க வேண்டாம். உங்களுக்கு எந்த மொழியில் தடையின்றிக் கொஞ்சவும் கோபிக்கவும் கதை சொல்லவும் வருகிறதோ, அந்த மொழியில்தான் அவளோடு அதிகம் பேச வேண்டும். அதே போல, காணொளிதான் தாமதத்துக்குக் காரணம் என்று நீங்களே முடிவுகட்டிக்கொண்டு குற்ற உணர்வில் வாடவும் வேண்டாம்.

திருத்த வேண்டிய எண்ணம் வேறொன்று: காணொளியை ஓடவிட்டால் மொழி தானாக ஒட்டிக்கொள்ளும் என்பது. 2003-இல் பட்ரீஷியா கூலும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மாண்டரின் மொழியை 12 அமர்வுகளில் கேட்கச் செய்தார்கள். எதிரே உட்கார்ந்து படித்தும் விளையாடியும் காட்டிய மனிதர்களிடமிருந்து கேட்ட குழந்தைகள் அம்மொழியின் ஒலி வேறுபாட்டைப் பிரித்தறியக் கற்றன. அதே மனிதர்கள், அதே பொருள்கள், அதே அளவு நேரம், ஆனால் திரையில் மட்டும் என்றபோது, அந்தக் கற்றல் நடக்கவே இல்லை.

அப்படியானால் திரையே கெடுதலா என்றால், அதுவும் இல்லை. 2014-இல் வெளியான வேறோர் ஆய்வில், இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைகள் நேரலைக் காணொளி அழைப்பின் வழியாகப் புதிய வினைச்சொற்களைக் கற்றார்கள். அதே பாடத்தின் பதிவுசெய்த காணொளியில் கற்கவில்லை. இரண்டிலும் திரை உண்டு. ஒன்றில் மட்டும், குழந்தை சொன்னதையும் பார்த்ததையும் கவனித்து அதற்கேற்பப் பேசும் ஆள் இருந்தார். குழந்தை சன்னலைக் காட்டி “ப” என்கிறாள், “பறவையா? ஆமாம், பறவை பறந்து போயிடுச்சு” என்கிறீர்கள், அவள் கையை அசைக்கிறாள், “டாட்டா சொல்றியா?” என்கிறீர்கள். இந்த நான்கு நொடிப் பரிமாற்றத்தை எந்தப் பாடல் காணொளியும் செய்யாது, ஏனென்றால் குழந்தை என்ன செய்தாலும் பாட்டு தன் போக்கில் போய்க்கொண்டிருக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், இரண்டு முதல் நான்கு வயது வரையில் உட்கார்ந்து திரை பார்க்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேற்படக் கூடாது, குறைவாயின் நல்லது என்கிறது. அந்த ஒரு மணிக்குள் நீங்களோ கணவரோ பாட்டியோ அருகில் உட்கார்ந்து, நடுவில் நிறுத்திப் பேசிக்கொண்டு பார்ப்பது நல்லது. தொலைவில் இருக்கும் உறவினரோடு காணொளி அழைப்பில் பேசுவதைக் குறைக்க வேண்டாம்.

செயலி எதைக் கற்பித்தது?

உங்கள் மகளுக்குக் காணொளி தராததைத்தான் உங்களுக்குச் செயலியும் தரவில்லை. நீங்கள் சொன்னதைக் கேட்டு, அதற்குப் பதிலாக அடுத்ததைச் சொல்லும் ஆள் இந்த 400 நாள்களில் உங்களுக்கு வாய்க்கவே இல்லை. கூட்டத்தில் உங்களுக்கு நேர்ந்தது நினைவின் குறையோ வயதின் குறையோ அன்று. அதுவரை பழகாத ஒரு வேலையை முதன்முறையாக, பிறர் பார்த்துக்கொண்டிருக்கையில் செய்ய வேண்டியிருந்தது.

செயலியின் ஒரு பயிற்சியை நிதானமாகக் கவனியுங்கள். “நேற்று நான் ஒரு புத்தகம் வாங்கினேன்” என்பதற்கு இணையான ஆங்கில வாக்கியம் மேலே இருக்கிறது. கீழே எட்டுச் சொற்கட்டங்கள். அவற்றுள் இரண்டு வெளிப்படையாகவே பொருந்தாதவை. மிஞ்சிய ஆறில், “நான்” என்பதை முதலிலும், வாங்கியதைக் குறிக்கும் சொல்லைக் கடைசியிலும் போட்டுவிட்டால் மற்றவை தாமாகவே இடம்பிடித்துக்கொள்ளும். பச்சை விளக்கு எரிகிறது. உங்கள் கண் விடையைக் கண்டுபிடித்ததேயன்றி உங்கள் நினைவு அதை எடுத்துத் தரவில்லை. கூட்டத்திலோ கட்டங்கள் இல்லை.

இந்த வேறுபாடு சிறியதன்று. 2008-இல் உளவியலாளர்கள் கார்பிக்கியும் ரோடிகரும் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் 40 ஸ்வாஹிலிச் சொற்களைப் பொருளோடு கற்றார்கள். ஒரு முறை சரியாகச் சொன்ன பிறகும் மீண்டும் மீண்டும் நினைவிலிருந்து எடுத்துச் சொல்லுமாறு சோதிக்கப்பட்டவர்கள் ஒரு வாரத்திற்குப் பின் ஏறத்தாழ 80 விழுக்காட்டை நினைவில் வைத்திருந்தார்கள். சொற்களைத் திரும்பத் திரும்பப் படித்தும் சோதிக்கப்படாதவர்களுக்கு நின்றது மூன்றில் ஒரு பங்கு அளவே. கற்று முடித்த அன்று எல்லாப் பிரிவினரும் தாங்கள் பாதியளவு நினைவில் வைத்திருப்போம் என்றே மதிப்பிட்டிருந்தார்கள் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் சுவையான பகுதி. கற்பவருக்குத் தம் கற்றலை உள்ளிருந்து அளக்கத் தெரிவதில்லை. ஸ்ட்ரீக் எண் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்த எண் நீங்கள் வந்தீர்கள் என்று சொல்லும், வருகைப் பதிவேடு போல. மற்றப் பயனர்களோடு ஒப்பிட்டுச் செயலி காட்டும் புள்ளிப் பட்டியலில் இறங்கிவிடாதிருக்கப் பழைய எளிய பாடத்தையே நீங்கள் திரும்பச் செய்ததாக எழுதியிருக்கிறீர்களே, அன்றும் அது ஒன்று கூடியது.

நேரக் கணக்கையும் பாருங்கள். பத்து நிமிடம் வீதம் 400 நாள் என்றால் 67 மணி நேரத்திற்கும் குறைவு. அமெரிக்க அரசு தன் தூதரக அலுவலர்களுக்கு ஜெர்மன் கற்பிக்க ஏறத்தாழ 36 வாரம் முழுநேர வகுப்பு வைக்கிறது. வாரம் 25 மணி நேர வகுப்பு என்று கொண்டால், உங்கள் மொத்த உழைப்பு அவர்களுடைய மூன்று வாரத்தைத் தொடவில்லை. அவர்களுடைய இலக்கு உங்களுடையதைவிட உயர்ந்தது என்பது உண்மைதான். ஆனாலும், “இவ்வளவு காலம் படித்தும்” என்று உங்களையே நொந்துகொள்வதற்கு இதில் இடமில்லை.

செயலியை வைத்துக்கொள்வதானால் பயன்படுத்தும் முறையை மாற்றுங்கள். கட்டங்கள் இருக்கும் பகுதியைக் கையால் மறைத்து, வாக்கியத்தை வாய்விட்டு முழுதாகச் சொல்லிய பிறகே கையை எடுங்கள். பத்து நிமிடத்தில் முடித்த பாடம் இருபது நிமிடம் ஆகும். பட்டியலில் நீங்கள் கீழே இறங்குவீர்கள்.

வயது

மொழி கற்பதற்கு வயது ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்லப் போவதில்லை. 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, இணையத்தில் ஏறத்தாழ 6,70,000 பேர் எழுதிய இலக்கணத் தேர்வை வைத்து, இலக்கணத்தைப் பிறவி மொழியாளர் அளவுக்கு உள்வாங்கும் திறன் 17 வயதை ஒட்டிச் சரியத் தொடங்குவதாகக் கணித்தது. உச்சரிப்பில் தாய்மொழிச் சாயல் எஞ்சுவதும் இயல்பு. ஆனால் இவை முழுத் தேர்ச்சியைப் பற்றியவை. தொடக்க மாதங்களில் பெரியவர்கள் சிறு குழந்தைகளைவிட வேகமாகவே முன்னேறுகிறார்கள் என்று நெதர்லாந்தில் 1970-களில் செய்யப்பட்ட ஆய்வு காட்டியது. வேலை நிலவரத்தை ஐந்து வாக்கியத்தில் சொல்வதற்கு 41 வயது தடையில்லை.

சப்டைட்டில்

ஆங்கில எழுத்தோடு ஜெர்மன் தொடர் பார்ப்பதில் பொழுதுபோக்கு உண்டு. காதுக்குப் பயிற்சி குறைவு. டச்சு மாணவர்களை வைத்து 2009-இல் செய்யப்பட்ட ஓர் ஆய்வில், பழக்கமில்லாத ஆங்கில உச்சரிப்பு வழங்கும் காட்சிகளை ஆங்கில எழுத்தோடு பார்த்தவர்கள் அந்த உச்சரிப்பைப் புரிந்துகொள்வதில் தேறினார்கள். டச்சு மொழிபெயர்ப்போடு பார்த்தவர்களுக்கு, புதிய வாக்கியங்களைக் கேட்டபோது அந்த எழுத்து உதவாமல் இடையூறாகவே அமைந்தது. காதில் விழும் ஒலியும் கண்ணில் படும் எழுத்தும் ஒரே மொழியாக இருந்தால்தான் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும்.

ஆகையால் ஜெர்மன் ஒலிக்கு ஜெர்மன் எழுத்தையே வையுங்கள். முழு அத்தியாயம் வேண்டாம். மூன்று நிமிடக் காட்சி ஒன்றை முதலில் எழுத்தின்றியும், பிறகு ஜெர்மன் எழுத்தோடும், மீண்டும் எழுத்தின்றியும் பாருங்கள். தொடர்கள் கடினமாக இருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஜெர்மன் பொது ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்சே வெல்லே, தொடக்க நிலையிலிருந்து இடைநிலை வரை காணொளிப் பாடங்களையும், நிதானமாக வாசிக்கப்படும் செய்திகளையும் எழுத்து வடிவத்தோடு இலவசமாகவே தருகிறது.

செயற்கை நுண்ணறிவா, ஆசிரியரா?

உரையாடல் மென்பொருளின் பெரிய நன்மை, அதன் முன் வெட்கம் இல்லை என்பதே. நள்ளிரவிலும் கேட்கும், ஒரே தவற்றைப் பத்தாம் முறை செய்தாலும் முகம் சுளிக்காது. முகம் சுளிக்காததுதான் அதன் குறையும். நீங்கள் தப்பும் தவறுமாக உச்சரித்த சொல்லை, சூழலை வைத்து ஊகித்து, திரையில் சரியான எழுத்தில் போட்டுவிடும். உச்சரிப்பு சரி என்று நீங்கள் நம்பிவிடுவீர்கள். எதிரே ஒரு மனிதர் இருந்தால், “என்ன சொன்னீர்கள்?” என்று கேட்டிருப்பார், நீங்களும் வாக்கியத்தை மாற்றிச் சொல்லிப் பார்த்திருப்பீர்கள். புரியவைக்க வேண்டிய அந்த நெருக்கடியில்தான் இலக்கணம் கூர்மையாகிறது என்பதை, தங்களுக்கு இரண்டாம் மொழியான பிரெஞ்சு வழியில் பள்ளியில் படித்த கனடிய மாணவர்களை ஆராய்ந்து மொழியியலாளர் மெரில் ஸ்வெயின் 1985-இல் முன்வைத்தார். அம்மாணவர்கள் பல ஆண்டுகள் பிரெஞ்சு கேட்டு நன்றாகப் புரிந்துகொண்டார்கள். பேசும்போதும் எழுதும்போதும் இலக்கணத்தில் தடுமாறினார்கள். உங்கள் நிலை அதுவேதான். மென்பொருள் இலக்கண விளக்கத்தைத் தவறாகவும், ஆனால் மிகுந்த உறுதியோடும் சொல்வதுண்டு என்பதையும் மனத்தில் வையுங்கள்.

என் தேர்வு இது: வாரம் இருமுறை அரை மணி நேரம் இணையவழியில் ஓர் ஆசிரியர், இடைப்பட்ட நாள்களில் ஒத்திகைக்கு மட்டும் உரையாடல் மென்பொருள், அதுவும் முதலில் இலவச வடிவம். ஆசிரியரைத் தேர்வதற்கு முன் ஒரு மாதிரி வகுப்பு கேளுங்கள். அந்த அரை மணியில் பாதிக்கு மேல் அவரே பேசினார் என்றால், எவ்வளவு நன்றாக விளக்கினாலும், உங்களுக்கு ஏற்றவர் அல்லர். பணம் இடிக்குமானால் நான்கைந்து பேர் கொண்ட குழு வகுப்பும் போதும்.

பாடத்தையும் நீங்களே கொண்டுபோங்கள். உங்கள் கூட்டங்களில் திரும்பத் திரும்ப வருவன சில வாக்கியங்கள்தாம்: இது முடிந்தது, இது பாதியில் நிற்கிறது, இவருடைய பதிலுக்காகக் காத்திருக்கிறேன், வியாழக்கிழமைக்குள் தருகிறேன், தயவுசெய்து மெதுவாகச் சொல்லுங்கள். இவற்றின் ஜெர்மன் வடிவத்தை ஆசிரியரிடம் திருத்தி வாங்கி, ஆங்கி போன்ற நினைவூட்டு அட்டை மென்பொருளில் ஏற்றுங்கள். மறதி முதலில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885-இலேயே எழுதினார். மறக்கப்போகும் தறுவாயில் அட்டையை மீண்டும் காட்டுவதுதான் இத்தகைய மென்பொருள்களின் வேலை. பிறர் செய்துவைத்த ஆயிரக்கணக்கான அட்டைகளை இறக்கிக்கொள்ள வேண்டாம், அது இன்னொரு ஸ்ட்ரீக்காக மாறிவிடும். குழுவில் இணக்கமான ஒருவரிடம், கூட்டத்தில் உங்கள் முறை வரும்போது முதல் ஒரு நிமிடம் ஜெர்மனிலேயே கேட்குமாறு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வார்கள்.

பணமும் தகவலும்

நீங்கள் கேட்காத ஒரு விஷயம். சக ஊழியர்களின் ஜெர்மன் செய்திகளை இலவச மொழிபெயர்ப்புத் தளத்தில் ஒட்டிப் புரிந்துகொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். அலுவலகத் தகவலை வெளித் தளங்களில் இடுவது உங்கள் பணி ஒப்பந்தத்துக்கோ நிறுவன விதிகளுக்கோ முரணாக இருக்கலாம். எந்தக் கருவிக்கு அனுமதி உண்டு என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். உரையாடல் மென்பொருளில் ஒத்திகை பார்க்கும்போதும் திட்டத்தின் பெயர், வாடிக்கையாளர் பெயர் ஆகியவற்றை மாற்றிச் சொல்லுங்கள். பயிற்சிக்கென்று கூட்டத்தைப் பதிவுசெய்ய நினைத்தால் அனைவரின் ஒப்புதலும் வேண்டும். செயலியின் அமைப்புகளில் உங்கள் குரல் பதிவு சேமிக்கப்படுகிறதா, அதை நீக்க வழி உண்டா என்றும் பாருங்கள். முன்பின் அறியாதவரோடு மொழி பரிமாறிக்கொள்ளும் தளங்களில் நல்லவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனாலும் பேச்சு பணத்தின் பக்கமோ தனிப்பட்ட படங்களின் பக்கமோ திரும்பினால் அங்கேயே துண்டித்துவிடுங்கள்.

சந்தாவைப் பொறுத்தவரை, தானாகப் புதுப்பிக்கும் வசதியை இன்றே நிறுத்துங்கள். பல செயலிகளில் அதை நிறுத்தினாலும் கட்டிய காலம் முடியும்வரை பயன்படுத்தலாம். செயலியைக் கைப்பேசியிலிருந்து அழித்துவிட்டால் மட்டும் சந்தா நின்றுவிடாது. பிறகு, இந்த வாரமே, குறிப்பு எதையும் பாராமல் உங்கள் வேலையைப் பற்றி ஜெர்மனில் இரண்டு நிமிடம் பேசிக் கைப்பேசியில் பதிவுசெய்து வையுங்கள். தயங்கி நின்ற இடங்களையும் வெட்டாதீர்கள். மேற்சொன்ன முறையில் மூன்று மாதம் பயின்றபின் அதே பொருளைப் பற்றி மறுபடி பேசிப் பதிவுசெய்து, இரண்டையும் ஆசிரியரோடு சேர்ந்து கேளுங்கள். உயர் சந்தாவுக்குப் பணம் கட்டலாமா என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.